வீட்டில் சொன்னது மேடைக்கு வந்தது

அத்தியாயம் 14

கோபத்தைக் கொஞ்சம் அடக்கி எழுதும்படி ஆசிரியர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த வாரம் மட்டும் அவர் என்னை மன்னிக்க வேண்டும். ஜெயஸ்ரீயின் வீட்டார் செய்து வைத்த காரியத்தை எழுத உட்கார்ந்தால் எனக்கே பேனா நடுங்குகிறது.

போன வாரம் ஜெயஸ்ரீயை அடையாறு காந்தி நகரில் ஒரு மண்டபத்து வாசலில் விட்டுவிட்டு வந்தோம். மயிலை மாதர் எழுத்தறிவு மன்றம் தன் ஆசிரியைகளுக்கு நடத்திய தலைமைப் பயிற்சி முகாமின் கடைசி நாள் அது. அன்று சாயங்காலம் ஓர் அறிவிப்பு வர வேண்டும். கோட்டூர்புரம் வீட்டு வசதிக் குடியிருப்பில் மன்றம் திறக்கப்போகும் புது மையத்துக்குப் பொறுப்பாளர் யார்?

ஜெயஸ்ரீ சொன்ன பெயர் ஜைதூன் பீ. கச்சேரி ரோடு பக்கத்துச் சந்தில் இருந்துகொண்டு தி.நகர் ஜவுளிக்கடைகளுக்குப் புடவை ஃபால் தைத்துக் கொடுப்பவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜெயஸ்ரீயின் மத்தியான வகுப்புக்குக் கைநாட்டாக வந்தார். இப்போது எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதித் தேறிவிட்டார். இரண்டு வருஷமாக, ஜெயஸ்ரீக்கு ஜுரம் வந்தாலும் விருந்தாளி வந்தாலும் வகுப்பை நடத்துவது அவர்தான். ஜெயஸ்ரீ நடத்தும் நாளைவிட அன்று கூட்டம் அதிகம் என்று ஜெயஸ்ரீயே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அந்தப் பெயருக்குக் குறுக்கே நின்றது யார் என்று உங்களுக்குத் தெரியும். மன்றத்தின் செயலாளர் நீரஜா. ஜெயஸ்ரீயின் கணவன் சுவாமிநாதனுக்கு அக்கா. "எட்டாங்கிளாஸ் படிச்சவளைப் பொறுப்பாளராப் போட்டா, எம்.ஏ. படிச்சுட்டு சும்மா வந்து சொல்லிக்கொடுக்கறவாள்லாம் என்ன நினைச்சுப்பா?" என்று கேட்ட அதே நீரஜாதான்.

ஆனால் கமிட்டியில் மற்றவர்கள் ஜெயஸ்ரீ பக்கம் சாய்ந்திருந்தார்கள். அதனால்தான் அன்று காலை அவள் கொஞ்சம் சந்தோஷமாகவே உள்ளே போனாள். பாவம்.

பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து மாணிக்கவாசகம் வந்திருந்தார். கல்வித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். புரொஜெக்டரில் கண்ணாடித் தாளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பேசினார்.

"படிக்க வர்றவங்க குழந்தைங்க இல்லம்மா. பாதிப் பேர் உங்களைவிட அதிகமா உலகத்தைப் பார்த்தவங்க. முதல் நாள் அவங்க மானத்தைக் காப்பாத்துனீங்கன்னா மறுநாள் தானா வருவாங்க. காப்பாத்தத் தெரிஞ்சவங்கதான் பொறுப்பாளரா இருக்க முடியும்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நீரஜாவும் எழுதிக்கொண்டாள். முகாமுக்கு வந்தவர்களில் படிக்க வந்து, பிறகு சொல்லித்தர வந்தவர் ஜைதூன் பீ ஒருவர்தான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவரும் எழுதிக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஒத்திகைப் பாடம் இருந்தது. முதன்முதலாக வகுப்புக்கு வரும் பெண்ணை எப்படி வரவேற்பது என்று இரண்டு பேர் நடித்துக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டு மற்றவர்கள் பேச வேண்டும். மாணிக்கவாசகத்தின் ஏற்பாடு அவ்வளவுதான்.

"அதை எங்கிட்ட விடுங்கோ சார், நான் ஜமாய்ச்சுடறேன்" என்று முதல் நாளே வாங்கிக்கொண்டவள் நீரஜா.

கை கழுவும் இடத்தில் அவள் ஜெயஸ்ரீயைப் பிடித்துக்கொண்டாள். "ஜெயா, மத்யானம் உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. முன்னாடி வந்து உக்காந்துக்கோ."

"என்னக்கா சர்ப்ரைஸ்?"

"சொன்னா அப்பறம் என்ன சர்ப்ரைஸ்?"

ஜெயஸ்ரீ முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மேடையில் நீரஜா டீச்சராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டுக் கதவு திறந்தது. கண்டாங்கிச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, இடுப்பை ஆட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். வந்தவள் ஷ்ரேயா. ஜெயஸ்ரீயின் ஒரே பெண். காலேஜில் முதல் வருஷம். காலையில் "ஃப்ரெண்டாத்துக்குப் போறேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள்.

"இன்னா டீச்சரு, பட்சா துட்டு குடுப்பியாமே, நெஜந்தானா?"

அந்த ஒரு வரிக்கே மண்டபம் குலுங்கியது.

"உன் பேர் என்னம்மா?"

"முனிம்மா. அட, பேர கேட்டுக்கினு போலீசுக்கு இன்னா சொல்லப்போறியா?"

மயிலாப்பூர் சபா நாடகத்தில் வேலைக்காரி வந்தால் சிரிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. அவள் 'இன்னா' என்றால் சிரிப்பு. 'கீது' என்றால் சிரிப்பு. மாடிப்படி ஏறி வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறவளின் பாஷையை, அவள் படியிறங்கிய பிறகு பேசிச் சிரிப்பது நமக்கு அவ்வளவு இனிக்கிறது. நாடகத்தில்தான் என்றால் தொலையட்டும். அந்தப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வந்தவர்கள், அதை எப்படிச் செய்வது என்று பயிற்சி எடுக்க வந்த இடத்தில், அதையே போட்டுச் சிரிக்கிறார்களே! இவர்களுக்குத் தலைமைப் பயிற்சி ஒரு கேடா?

ஜெயஸ்ரீக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பெண் நன்றாக நடிக்கிறாள் என்று அரை நிமிஷம் பெருமையும் வந்து தொலைத்தது. இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குள் டீச்சர் முனியம்மாவின் கையைப் பிடித்துப் பலகையில் அவள் பேரை எழுத வைத்துவிட்டாள். அடுத்த எழுத்துக்காகத் துணியை எடுத்து அழிக்கப் போனாள்.

ஷ்ரேயா பலகை மேல் குப்புற விழுந்தாள். "அய்க்காதே டீச்சர்! நாப்பது வருஷம் கயிச்சி இப்பதான் வந்துகீறேன். இத்த அய்ச்சிட்டா நான் எங்க போவேன்?"

பலகையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு அவள் மேடையைச் சுற்றி ஓட, நீரஜா துணியோடு துரத்த, மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாணிக்கவாசகம்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஜெயஸ்ரீக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்த வார்த்தைகளை அவள் கேட்டிருக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஜைதூன் பீ அவளிடம் மட்டும் சொன்ன வார்த்தைகள். பலகை மேல் இரண்டு கையையும் அகல விரித்து மறைத்துக்கொண்டு, அழுதுகொண்டே சொன்ன வார்த்தைகள். அன்று ராத்திரி சாப்பிடும்போது ஜெயஸ்ரீ அதை வீட்டில் சொன்னாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. அப்போது மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர் சுவாமிநாதன். ஆபீஸ் கிளப்புக்கு வருஷா வருஷம் ஹாஸ்ய நாடகம் எழுதுகிறவர்.

எழுதியது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணவன் எழுதி, நாத்தனார் தயாரித்து, பெண் நடித்திருக்கிறாள். வீடே சேர்ந்து அவளுக்கு சர்ப்ரைஸ் கொடுத்திருக்கிறது!

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஜைதூன் பீ மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

டீ நேரத்தில் எல்லோரும் ஷ்ரேயாவைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைக் கிள்ளினார்கள். ஜெயஸ்ரீ அந்தப் பக்கமே போகவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் குழாயடியில் நின்றிருந்த ஜைதூன் பீயிடம் போனாள். என்ன சொல்வது என்று யோசிக்காமல் போய்விட்டாள்.

"ஜைதூன் பீ..."

"அந்தப் பொண்ணு உங்க பொண்ணுதான டீச்சர்? உங்க வூட்டு போட்டோல பாத்துகீறேன்."

"ஆமா."

"இது நடக்கப்போவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?"

ஜைதூன் பீ அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"செரி. நீங்க உள்ள போங்க. நான் மூஞ்சி கய்விக்கினு வர்றேன்."

"வந்துடுவீங்க இல்ல? அறிவிப்பு இருக்கு."

"போங்க டீச்சர். வர்றேன்."

ஜெயஸ்ரீ உள்ளே போனாள். ஷ்ரேயாவை அதற்குள் யாரோ ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். நீரஜா ஒப்பனையைக் கலைத்துவிட்டு, பட்டுப் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு மைக் முன்னால் வந்து நின்றாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். ஜைதூன் பீயின் நாற்காலி காலி.

"கோட்டூர்புரம் சென்டருக்குக் கமிட்டி ஒருத்தரை மனசுல வெச்சிருந்தது. ஆனா பாருங்கோ, அறிவிக்கற சமயத்துல ஆளே ஹால்ல இல்லை. பொறுப்புன்னா முதல்ல இருக்கற இடத்துல இருக்கணும். அதுக்குத்தானே இந்த மூணு நாள் முகாம்? அதனால இந்தப் பொறுப்பை இப்போதைக்கு மன்றமே..."

இவ்வளவு நேரம் தாங்கியதே பெரிசு. ஜெயஸ்ரீ எழுந்தாள். மேடை ஏறினாள். நாத்தனார் கையில் இருந்த மைக்கைப் பிடுங்கினாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நீரஜா கொடுத்ததை வாங்கிக்கொண்டிருக்கிறாளே தவிர அவளிடமிருந்து எதையும் பிடுங்கியதில்லை.

"ஏன் ஹால்ல இல்லைன்னு நான் சொல்றேன்" என்றாள். "மத்தியானம் எல்லாரும் சிரிச்சீங்களே, பலகையை அழிக்காதேன்னு ஒருத்தி அழுததுக்கு? அது முனியம்மா இல்லை. அது ஜைதூன் பீ. அந்த வார்த்தை அவங்க சொன்ன வார்த்தை. நாற்பது வயசுல முதல் தடவையா தன் பேரைத் தானே எழுதிப் பார்த்துட்டு அழுதுகிட்டே சொன்னாங்க. அவங்களை மூணாவது வரிசையில உட்கார வெச்சு, அவங்க எதிர்லயே அதை நடிச்சுக் காட்டியிருக்கோம். மானத்தைக் காப்பாத்தணும்னு காலையில எழுதிக்கிட்டீங்களே, நோட்டுல இருக்கா? எடுத்துப் பாருங்க!"



முதலில் மாணிக்கவாசகம்தான் எழுந்தார். "நானும் சிரிச்சேன். தப்பு" என்றார். "அந்தம்மாவுக்குத்தான் அந்தப் பொறுப்பைக் கொடுக்கணும். வேற பேச்சு வேண்டாம்."

பிறகு எல்லோரும் எழுந்தார்கள். கைதட்டினார்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மத்தியானம் சிரித்ததற்குச் சாயங்காலம் அழுதால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. நீரஜா வேறு வழியில்லாமல் ஜைதூன் பீயின் பெயரை அறிவித்தாள்.

கீழே இறங்கும்போது அவள் ஜெயஸ்ரீயின் காதருகே வந்து பல்லைக் கடித்தாள். "ஆத்து விஷயத்தை மைக்ல போட்டு உடைச்சுட்டியே, உனக்கே நன்னாருக்கா? என் தம்பி சாமா தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

"அவர் தலை நிமிர்ந்து நடக்கறதுக்காக இன்னொருத்தி தலை குனியணுமாக்கா?"

ஜெயஸ்ரீ வாசல் வரை போய் நாலா பக்கமும் பார்த்தாள். ஜைதூன் பீயைக் காணவில்லை. மனசு நொந்து போய்விட்டார் போலிருக்கிறது, நல்ல சேதியோடு நாமே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டோ திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது அவளுக்கு முகத்தில் காற்றுப் பட்டது. ஜெயித்துவிட்ட மாதிரிகூட இருந்தது. ஆனால் கோபம் இன்னும் பாக்கியிருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டு போனாள்.

வீட்டில் சுவாமிநாதன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஷ்ரேயா முகத்து மையைத் துடைத்துவிட்டு அவர் பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். ஜெயஸ்ரீ நேரே போய் டிவியை அணைத்தாள்.

"ஏய், சச்சின் ஆடறான்!"

"ஆடட்டும். நீங்கோ எழுதினேளா அதை?"

"அக்கா ஃபோன் பண்ணினா. என்னமோ மைக்கைப் பிடுங்கிக் கத்தினயாமே? ஹாஸ்யம்டி அது. நான் யார் பேரையும் போடலை. முனியம்மான்னுதான் எழுதினேன்."

"பலகை விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே சொன்னே?"

"சொன்னேன். கண்ணுல ஜலத்தோட சொன்னேன். சிரிச்சுண்டா சொன்னேன்? ஆம்படையான்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா அதை ஆபீஸ் கிளப் நாடகமாட்டம் போட்டு அடிப்பேள்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

"அதுல ஒரு பஞ்ச் இருக்குன்னு தோணித்து, எழுதினேன். எல்லாரும் ரசிச்சா. இதுல தப்பென்ன?"

தப்பென்ன என்று கேட்கிறார். வாசகர்களே, இந்த மனிதர் கெட்டவர் இல்லை. ஜெயஸ்ரீ வகுப்புக்குப் போகும் நாட்களில் காபி டிகாக்ஷன் தானே போட்டுக்கொள்வார். மனைவியின் சேவையைப் பற்றி ஆபீஸில் பெருமையடிப்பார். அப்படிப்பட்டவர்தான் கேட்கிறார்.

ஜெயஸ்ரீ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்தால் அந்த வீட்டில் எல்லோருக்கும் பயம்.

"சரி. தப்பில்லை. அடுத்த வகுப்புக்கு ரெண்டு பேரும் எங்கூட வாங்கோ. எல்லாரும் இருப்பா. பாத்திரம் தேய்க்கறவா, பூ விக்கறவா, இட்லி சுட்டு விக்கறவா. அவா எதிர்ல இதே நாடகத்தை, இதே வேஷத்தோட, ஒரு வரி மாத்தாமப் போடுங்கோ."

"அதெப்படிடீ முடியும்?"

"ஏன்? ஹாஸ்யம்தானே? அவாளுக்கு மட்டும் சிரிப்பு வராதா?"

சுவாமிநாதன் ரிமோட்டைத் தேடுகிறவர்போல் சோபாவைத் தடவினார்.

"நான் மாட்டேம்மா" என்றாள் ஷ்ரேயா.

"ஏண்டி?"

"அவாள்லாம் பாத்துண்டிருக்கறச்சே எப்படிம்மா..." கையிலிருந்த முறுக்கைத் தட்டில் போட்டாள். "அந்த ஜைதூன் பீ அங்க இருந்தாளாம்மா? நான் ஆடறச்சே?"

"மூணாவது வரிசை."

"அத்தை சொல்லவே இல்லையே! எல்லாம் டீச்சர்ஸ்னுதான் சொன்னா."

"அவாளும் டீச்சர்தான்."

ஷ்ரேயா அழ ஆரம்பித்தாள். ஜெயஸ்ரீ அவளைத் தேற்றவில்லை. "மூஞ்சியை அலம்பிண்டு செருப்பைப் போட்டுக்கோ" என்றாள். "போய் மன்னிப்புக் கேட்கலாம்."

மாட வீதியில் பூக்கடைக் கும்பலைத் தாண்டி, தாயும் பெண்ணும் நடந்தார்கள். கச்சேரி ரோடில் திரும்பும்போது மசூதியில் மக்ரிபு பாங்கு கேட்டது. ஜைதூன் பீயின் வீடு சந்தின் கோடியில் ஒற்றை அறை. இருவரும் வெளியே நின்றார்கள். தொழுகை முடித்து எழுந்து வந்தவர், வழக்கமாகச் சொல்லும் 'வாங்க டீச்சர், உக்காருங்க'வைச் சொல்லவில்லை. ஒரு பட்டுப் புடவையை மடியில் விரித்துக்கொண்டு ஃபால் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

"ஜைதூன் பீ, கோட்டூர்புரம் உங்களுக்குத்தான். அறிவிச்சாச்சு. எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க" என்றாள் ஜெயஸ்ரீ.

"தெரியும்."

"யார் சொன்னாங்க?"

"நான்தான் கேட்டனே. வர்றேன்னு சொன்னன் இல்ல? வந்தேன்."

ஜெயஸ்ரீக்கு முதலில் விளங்கவில்லை.

ஜைதூன் பீ ஊசியைப் புடவையிலேயே குத்தி நிறுத்தினார். "முனிம்மான்னு எவளோ ஒருத்தி ஆடுனா. நான் பல்லக் கடிச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்தேன். அது நான்தான்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தண்ணி ஊத்தி மூஞ்சி கய்வுனா போயிடும்னு நெனச்சேன். கய்விக்கினு வந்து வாசப்படில கால வெக்கறேன், மைக்ல எம் பேரு. நீங்க பேசிக்கினு இருக்கீங்க."

"ஜைதூன் பீ, நான் கோபத்துல..."

"நாடகத்துல நான் யாருன்னு தெரியாம சிரிச்சாங்க. நீங்க சொன்னதுக்கப்பறம் தெரிஞ்சி அய்தாங்க. செருப்பு போடாம ஓடியாந்துட்டேன். இனிமே அவங்கள்ள யாரு என்னப் பாத்தாலும் அந்தப் பலகதான் ஞாபகம் வரும்."

"உங்களுக்கு நடந்த அநியாயத்தைப் பொறுக்க முடியலை. அதனாலதான்..."

"கோவம் உங்க கோவம் டீச்சர். மானம் என்னுதாச்சே."

மத்தியானத்திலிருந்து ஜெயஸ்ரீ மண்டபத்தில் சிரித்தவர்களிடம், நாத்தனாரிடம், கணவனிடம், பெண்ணிடம் காட்டிய அத்தனை கோபமும் திரும்பி வந்து அவள் மேலேயே நின்றது. இந்த இடத்தில் எனக்கும் அவளுக்காக வாதாட ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் ஒரு தடவை, மேடையில் ஒரு தடவை என்று அந்தக் கதையை இரண்டு முறை வெளியே கொண்டு வந்தது அவள்தான்.

"அப்போ கோட்டூர்புரம் வேண்டாம்னு சொல்லிடுவீங்களா?" என்று மெல்லக் கேட்டாள். கண்ணில் நீர் திரண்டிருந்தது.

"ஏன் சொல்றேன்? பாவம்னு குடுத்தாங்களோ இன்னாவோ, பரீச்ச எய்தினது நான்தான. திங்கக்கெழம நான் போய் தொறப்பேன்." நிறுத்தினார். "நீ வராத டீச்சர்."

ஆறு வருஷமாக அவர் ஜெயஸ்ரீயை 'நீ' என்று சொன்னதில்லை. அந்த மையத்துக்காக ஹவுசிங் போர்டு ஆபீஸுக்கு அலைந்தது அவள். கரும்பலகை வாங்கித்தர ஆள் பிடித்தது அவள். முதல் நாள் முன்னால் நின்று பார்க்க வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கனவு கண்டவள்.

ஜைதூன் பீ அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். வாசற்படிக்குக் கீழே அழுது வீங்கிய முகத்தோடு ஷ்ரேயா நின்றிருந்தாள். மன்னிப்பு என்று சொல்ல வாயைத் திறந்தவளை அவர் சொல்லவே விடவில்லை.

"என்ன மாதிரி பேசிக் காட்டுனியே, இதுக்கு முன்னாடி என்ன ஒரு வாட்டியாவது பாத்துகீறியா?"

ஷ்ரேயா இல்லையென்று தலையாட்டினாள்.

"திங்கக்கெழம மூணு மணிக்கு வா. மொத நாளு வர்ற பொம்பளைங்களுக்கு நீதான் கையப் புடிச்சி பேரெய்தக் கத்துக்குடுக்கப்போற. உங்கம்மாவ இட்டாராத. தனியா வா."

ஷ்ரேயா அம்மாவைப் பார்த்தாள். போ என்று சொல்லவோ போகாதே என்று சொல்லவோ அங்கே தனக்கு இடமில்லை என்று ஜெயஸ்ரீக்குத் தெரிந்திருந்தது.

"வரேன்" என்றாள் ஷ்ரேயா.

ஜைதூன் பீ ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி தைக்க ஆரம்பித்தார்.